மூட்டையில் இருப்பது ஒரு வருஷத்து விதைதான்: பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளமும் வீரிய ஒட்டு ரகமும்

புரட்டாசியில் முதல் உழவு மழை பெய்ததும் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர், செந்துறை பக்கமுள்ள விதைக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வாங்கப்படுவதில் பெரும்பங்கு நாலு கிலோ பைகள். பையின் மேல் பெரிய கதிர் படம், கம்பெனி பெயர், ஒரு எண். ஏக்கருக்கு இரண்டு பை, அதாவது 8 கிலோ. விதைக்கு மட்டும் சில ஆயிரம் ரூபாய் போய்விடும். போன வருஷம் விளைந்த மக்காச்சோளம் வீட்டிலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் அதிலிருந்து ஒரு பிடிகூட விதைக்கு எடுக்க முடியாது. நெல்லுக்கும் உளுந்துக்கும் விதை எடுத்து வைத்துப் பழகிய ஊரில், இதற்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும்?

கம்பெனிக்காரன் விதையில் ஏதோ 'மலட்டு மருந்து' வைத்திருக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. அறுவடை செய்த மக்காச்சோளத்தை மறுபடி விதைத்தால் முளைக்கும், வளரும், கதிரும் வைக்கும். ஆனால் வைக்கிற கதிர் போன வருஷத்துக் கதிராக இருக்காது. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள, அந்தப் பைக்குள் இருக்கும் விதை எப்படி உருவாகிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒல்லி அப்பா, ஒல்லி அம்மா

மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். உச்சியில் இருக்கும் கொண்டைதான் ஆண் பூ. நடுத்தண்டில் கதிரின் நுனியிலிருந்து தொங்கும் பட்டு நூல்கள் பெண் பூவின் பாகம். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குப் போகும் பாதை. காற்றில் வரும் மகரந்தம் அந்த நூலில் ஒட்டினால் ஒரு மணி உண்டாகும், ஒட்டாவிட்டால் அந்த இடம் பொக்கை. சாதாரணமாக ஒரு செடியின் மகரந்தம் பக்கத்துச் செடிக்குத்தான் அதிகம் போகும். அதனால் வயலில் எந்த இரண்டு செடியும் ஒரே மாதிரி இருக்காது.

இதை மனிதர்கள் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஷல். ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் பட்டு நூலில் போட்டு, அதில் வந்த விதையை வளர்த்து, மறுபடியும் அப்படியே செய்தார். தலைமுறைக்குத் தலைமுறை செடி மெலிந்தது, கதிர் சிறுத்தது. ஆனால் ஒரு வரிசையின் செடிகள் எல்லாம் ஒன்றைப் போல ஒன்று அச்சு வார்த்ததுபோல் ஆகிவிட்டன. அப்படி மெலிந்த இரண்டு தனித்தனி வரிசைகளை ஒன்றோடொன்று கலந்தபோதுதான் ஆச்சரியம். பிறந்த செடி அப்பாவையும் அம்மாவையும் மிஞ்சி, சாதாரண ரகத்தையும் மிஞ்சி வளர்ந்தது. 1908-ல் அவர் இதை எழுதினார். இந்தக் கூடுதல் வேகத்தைத்தான் 'ஒட்டு வீரியம்' என்கிறார்கள். 'வீரிய ஒட்டு ரகம்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ஒல்லியான தாய்ச் செடி கொடுக்கும் விதை குறைவு என்பதால் முதலில் இது கடைச் சரக்காகவில்லை. நான்கு வரிசைகளை இரண்டு கட்டமாகக் கலக்கும் வழியை டொனால்ட் ஜோன்ஸ் 1918 வாக்கில் காட்டிய பிறகுதான் விதை வியாபாரம் சாத்தியமானது. இந்தியாவில் 1957-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1961-ல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. இன்றைக்குக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே வரிசைகளைக் கலந்த 'ஒற்றை ஒட்டு'. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட கோ.எச்.எம் 6 ரகமும் அப்படித்தான்: யு.எம்.ஐ 1200 தாய், யு.எம்.ஐ 1230 தந்தை. வயது சுமார் 110 நாள்.

விதை உற்பத்தி வயலில் இது நடக்கும் விதம் பார்க்கவே தனி. நாலு வரிசை தாய், இரண்டு வரிசை தந்தை என்று மாற்றி மாற்றி நடுவார்கள். தாய் வரிசையில் கொண்டை வெளியே எட்டிப் பார்த்த உடனே, மகரந்தம் கொட்டுவதற்கு முன்னால், ஆள் விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் தாய்ச் செடி தன் மகரந்தத்தையே வாங்கிக்கொண்டுவிடும், கலப்பு கெட்டுவிடும். சுற்றிலும் 200 மீட்டருக்கு வேறு மக்காச்சோளம் இருக்கக் கூடாது. இந்த வேலை பெருமளவில் ஆந்திரம், தெலங்கானாவின் கோதாவரிப் பக்கத்து இறவை நிலங்களில் நடக்கிறது. பெரம்பலூர் கடைக்கு வரும் பையின் விலையில் இந்தக் கொண்டை பிடுங்கும் கூலியும் அடக்கம்.

சரி, அறுத்ததை மறுபடி விதைத்தால்?

கடை விதையில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி மரபணுக்களைக் கொண்டது. எல்லாச் செடியும் ஒரே அச்சு. ஒரே உயரம், ஒரே நாளில் பூப்பு, ஒரே மாதிரி கதிர். இந்தச் செடிகள் தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டு உண்டாக்கும் மணிகளில் அந்தப் பாதிகள் கலைந்துவிடும், சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்டதுபோல. அந்த மணிகளை விதைத்தால் சில செடிகள் பாட்டனைப்போல ஒல்லி, சில நல்ல வாட்டம், சில நடுத்தரம். ஒற்றை ஒட்டு ரகத்தில், பெற்றோரை மிஞ்சிக் கிடைத்த கூடுதல் வீரியத்தில் ஏறக்குறைய பாதி அடுத்த தலைமுறையிலேயே போய்விடும் என்பது மரபியல் கணக்கு. பூப்பும் ஒரே நேரத்தில் வராது. அறுவடைக்கு ஒரு கதிர் காய்ந்திருக்கும், பக்கத்துக் கதிர் பச்சையாக நிற்கும்.

'கூட்டு ரகம்' என்று சொல்லப்படும் பழைய வகைகளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. பல வரிசைகளை ஒன்றாகக் கலந்து, தாராளமாக மகரந்தம் பரவ விட்டு உருவாக்கப்பட்டவை அவை. இரண்டு மூன்று பருவத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். மகசூல் குறைவு. அதனாலேயே கடைகளில் அவை காணாமல் போய்விட்டன. வேண்டும் என்று கேட்டாலும் இன்றைக்குச் சுலபத்தில் கிடைக்காது. விவசாயிக்கு விதை மேலிருந்த பிடி நழுவியது இப்படித்தான், யாரும் பறித்ததாகத் தெரியாமலேயே.

இன்னொரு குழப்பம்: ஒட்டு ரகம் வேறு, மரபணு மாற்றுப் பயிர் வேறு. மேலே சொன்னதெல்லாம் மகரந்தத்தை வைத்துச் செய்யும் கலப்பு மட்டுமே. வேறு உயிரினத்தின் மரபணுவை ஆய்வகத்தில் புகுத்தும் வேலை இதில் இல்லை. இந்தியாவில் விவசாயிகளின் சாகுபடிக்கு வந்திருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி மட்டும்தான், அனுமதி கிடைத்தது 2002-ல். அதே பெரம்பலூர் கரிசலில் பக்கத்து வயலில் நிற்கும் பருத்தி பி.டி.யாக இருக்கும். மக்காச்சோளம் அப்படி இல்லை. மக்காச்சோளத்தில் 'புழு தாங்கும் பி.டி. விதை' என்று யாராவது ரகசியமாக விற்றால் அது சட்டவிரோதம்.

ஏன் இந்த இரண்டு மாவட்டம்?

பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டின் மக்காச்சோளச் சாகுபடியில் முன்வரிசையில் நிற்கிறது. ஒட்டியிருக்கும் அரியலூரிலும் இது பெரிய பயிர். காரணம் மூன்று: கரிசல் மண், மானாவாரி, நாமக்கல். வேப்பந்தட்டையில் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அளவுக்கு இது பருத்தி பூமி. சோளமும் கம்பும் வரகும் கடலையும் விளைந்த இடம். பருத்திக்கு ஆள் கூலி, மருந்துச் செலவு, பஞ்சு எடுக்கத் திரும்பத் திரும்ப ஆள் என்று கட்டுப்படியாகாமல் போனபோது, நான்கு மாதத்தில் முடிந்து, மெஷின் விட்டு அடித்து, களத்திலிருந்தே லாரி ஏற்றிவிடக்கூடிய பயிராக மக்காச்சோளம் வந்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்கு அது வேண்டும். தட்டை மாட்டுக்கு ஆகும்.

பாசனம் இல்லாத நிலத்தில் எல்லாமே மழைக் கணக்கு. புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில், கார்த்திகையில் கொண்டை வரும். அப்போது மண்ணில் ஈரம் இருக்கும். ஐப்பசிக் கடைசி வரை மழைக்குக் காத்திருந்து விதைத்தால் பூக்கும் நேரம் மார்கழியில் போய் நிற்கும், வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடும். மக்காச்சோளத்துக்கு வறட்சியில் ஒரு கெட்ட குணம் உண்டு: கொண்டை சரியான நாளில் மகரந்தத்தைக் கொட்டிவிடும், பட்டு நூல் மட்டும் தாமதமாக வெளிவரும். நூல் வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். செடி ஆள் உயரம் பச்சைப் பசேலென்று நிற்க, கதிரை உரித்தால் பல்லுப் போன கிழவி வாய்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி.

ஒட்டு ரகத்தின் பலமும் பலவீனமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் பூக்கும் என்பதால் மெஷின் அறுவடைக்குச் சௌகரியம். ஆனால் அந்த ஒரு வாரம் வெயில் காய்ந்தால் மொத்த வயலும் அடிவாங்கும். நாட்டு ரகத்தில் முன்னும் பின்னுமாகப் பூத்த ஏதோ கொஞ்சமாவது தப்பும். அமெரிக்காவில் 1970-ல் இதன் பெரிய வடிவத்தைப் பார்த்தார்கள். கொண்டை பிடுங்கும் கூலியை மிச்சப்படுத்த ஆண் மலட்டுத்தன்மை கொண்ட ஒரே வகைத் தாய்வழியை நாடு முழுக்கப் பயன்படுத்தினார்கள். அந்த ஒரு வகையை மட்டும் தாக்கும் இலைக்கருகல் நோய் வந்து, அந்த வருஷத்து விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைத் தின்றுவிட்டது.

அதனால் ரகம் தேர்ந்தெடுக்கும்போது பைமேல் உள்ள கதிர் படத்தைவிட அதன் வயதைப் பார்ப்பது முக்கியம். மழை பிந்திப்போன வருஷத்தில் 110 நாள் ரகத்தைவிட அதற்குக் குறைந்த வயது ரகம் பாதுகாப்பானது, மகசூல் கொஞ்சம் குறைந்தாலும். அடுத்து, கதிரின் மேல்மட்டை நுனி வரை இறுக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவடை நேரத்தில் தை மழை பிடித்தால் மூடாத கதிரில் தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடிக்கும். தண்டு சாயாமல் நிற்க வேண்டும். மணி ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் தீவனக்காரர்களுக்குப் பிடிக்கும். பக்கத்து ஊரில் இறவையில் நன்றாக வந்த ரகம் என்பதற்காக மானாவாரியில் அதையே போடுவது சூதாட்டம்.

வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்பது பரிந்துரை. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு சுமார் 27,000 செடி. 'விதை விலை ஜாஸ்தி' என்று கலப்பு நட்டு எண்ணிக்கையைக் குறைத்தாலும் நஷ்டம், நெருக்கி நட்டாலும் கதிர் சிறுக்கும். கரிசலில் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கட்டினால் இளஞ்செடி மஞ்சளித்துப் போகும், பார் போட்டு விதைப்பது நல்லது. களைக்கு விதைத்த மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் அட்ரசின் அடிப்பது வழக்கம். ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போட்டிருந்தால் அட்ரசின் ஆகாது, பயறு செத்துவிடும். கொண்டை வரும் சமயத்திலும் மணி பிடிக்கும் சமயத்திலும் பல்கலைக்கழகத்தின் 'மக்காச்சோள மேக்சிம்' கலவையை ஏக்கருக்கு 3 கிலோ வீதம் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழி தெளித்தால் பொக்கை குறையும் என்கிறது பரிந்துரை.

2018-ல் வந்த புழு

இந்த மாவட்டங்களின் மக்காச்சோளக் கதையை 2018-க்கு முன், பின் என்று பிரிக்கலாம். அமெரிக்கக் கண்டத்துப் புழுவான படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு புரட்டாசிப் பட்டத்துக்கு பெரம்பலூர், அரியலூர் வயல்களுக்குள் வந்தேவிட்டது. யாருக்கும் அதை முன்பின் தெரியாது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் புழுவுக்கு மேலாக மருந்தடித்தார்கள், சாகவில்லை. வேறு மருந்து அடித்தார்கள். இரண்டு மூன்றைக் கலந்து அடித்தார்கள். செலவு ஏறியதுதான் மிச்சம், பல வயல்களை அப்படியே ஆடு மாட்டுக்கு விட்டார்கள். 2019-ல் தமிழக அரசு 186 கோடி ரூபாய்க்கு மேல் நிவாரணம் அறிவித்தது. மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 7,410 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 3,000. விதையும் உரமும் மருந்துமாகப் போட்ட பணத்துக்கு அது பக்கத்தில்கூட வராது.

புழு விதையோடு வந்தது என்ற சந்தேகம் அப்போது பலமாக இருந்தது. படைப்புழுவின் வாழ்க்கை அதற்கு இடம் தராது. தாய் அந்துப்பூச்சி இலையில் நூறு, இருநூறாகக் குவியலாய் முட்டை இடும். புழு குருத்தைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். காய்ந்த விதை மணிக்குள் அது வாழாது. அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை காற்றோடு பறக்கக்கூடியது. அதற்குப் பை தேவையில்லை. தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துபோல வெள்ளைக் கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் அது படைப்புழு.

இப்போது ஊரில் பலருக்கும் இதன் வைத்தியம் தெரியும். கோடை உழவில் மண்ணைப் புரட்டிக் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் கொக்குக்கும் காட்டுவது, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி. சயான்ட்ரானிலிப்ரோல், தயமீதாக்சம் கலந்த மருந்தில் நேர்த்தி செய்த விதை முதல் இரண்டு மூன்று வாரம் காப்பாற்றும். அதன்பிறகு குருத்தைப் பிரித்துப் பார்த்துத் தேவைப்பட்டால் வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டின், அடுத்த கட்டத்தில் எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பைனிடோரம் 0.5 மில்லி. ஒரே மருந்தைத் திரும்ப அடிக்கக் கூடாது. முக்கியமாக, கைத்தெளிப்பான் நுனி குருத்துக்குள் பார்க்க வேண்டும். வயல் முழுக்கப் பனி பெய்கிற மாதிரி அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஊரே ஒரு பத்து நாளுக்குள் விதைத்து முடித்தால் புழுவுக்குத் தொடர்ந்து இளங்குருத்து கிடைக்காது. இதற்கு மருந்துக் கடை வேண்டாம், ஊர்க் கூட்டம் போதும், ஆனால் மானாவாரியில் அதுதான் கஷ்டம்.

மருந்து விஷயத்தில் பெரம்பலூருக்குச் சொல்ல வேறொரு கதையும் இருக்கிறது. 2017-ல் தலை உயரம் வளர்ந்த பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் அந்த விஷத்தைச் சுவாசித்து உயிரிழந்தார்கள். மக்காச்சோளம் பருத்தியைவிட உயரம். கொண்டை வந்த பிறகு பவர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டி, முகத்தில் துண்டுகூட இல்லாமல், காற்றுக்கு எதிராக வரிசைக்குள் நுழைவது அதே ஆபத்துதான். அந்த நேரத்தில் அடிப்பதால் மகசூலில் வரும் லாபமும் குறைவு.

விலையும் ஏமாற்றமும்

2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். 2018-19-ல் அது 1,700. ஆனால் நெல்லைப்போல கொள்முதல் நிலையம் வைத்து வாங்குகிற ஏற்பாடு இதற்குக் கிடையாது. களத்துக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் பிடித்தம். மணியின் அடிப்பகுதியைக் கிள்ளிப் பார்த்து, அங்கே கறுப்புப் படலம் வந்திருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகும் கதிரைச் செடியிலேயே கொஞ்ச நாள் காயவிட்டு அடித்தால் பிடித்தம் குறையும், காட்டுப்பன்றி விட்டுவைத்தால்.

விதையே சொன்னபடி வராவிட்டால்? முளைக்கவில்லை, கதிர் கலப்படமாக இருக்கிறது, பாதிச் செடி பூக்கவே இல்லை என்றால் வழி இருக்கிறது. தனியார் ஒட்டு விதைகள் பெரும்பாலும் அரசுச் சான்று பெற்றவை அல்ல, கம்பெனியே உறுதி சொல்லும் 'உண்மைநிலை விதை'. சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை. எந்த வகையானாலும் முளைப்புத்திறன், சோதனை செய்த தேதி, காலாவதி தேதி, குவியல் எண் அச்சிட்டிருக்க வேண்டும். மக்காச்சோள ஒட்டு விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 90 சதவீதம்.

2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், பதிவு செய்யப்பட்ட ரகம் சொன்ன மகசூலைத் தராவிட்டால் இழப்பீடு கேட்க 39-ம் பிரிவு இடம் தருகிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்று 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் வழக்கு நிற்க ஆதாரம் வேண்டும். பெரும்பாலோர் தோற்பது அங்கேதான். பை அடுப்பெரிக்கப் போயிருக்கும், பில் வாங்கியிருக்க மாட்டார்கள், கடைக்காரர் 'அண்ணே, தெரிஞ்ச கடைதானே' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்.

குவியல் எண்ணோடு ரசீது, காலிப் பை, அட்டை, அதே பையிலிருந்து ஒரு கைப்பிடி விதை. இவற்றைப் பொங்கல் அறுவடை முடியும்வரை எடுத்து வைத்திருக்க வேண்டும். குறை தெரிந்த உடனே, பயிர் நிற்கும்போதே, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமும் விதை ஆய்வாளரிடமும் எழுத்தில் புகார் கொடுத்து, வயலை நேரில் பார்க்க வைத்து அறிக்கை வாங்க வேண்டும். தட்டையை அறுத்துவிட்டுப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.